லோரிக்குப் பின்னால் நிற்கிற வேலை

லோரிக்குப் பின்னால் நிற்பதும் ஒரு வேலைதான். நம் வயதுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முன்னால் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறவருக்குப் பின்னால் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியாது. இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் விளக்கு போனால் வண்டியே சொல்லிவிடுமாம். என் பேரன் சொன்னான். அவன் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவது வழக்கம்.

அந்த வேலை ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது. பிறகு என் அக்காவிடம் போனது. போய் ஒரு ஆயுட்காலம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. இரவில் கால் குடைச்சலுக்கு எழுந்து உட்காரும்போது முதலில் நினைவுக்கு வருவது செத்துப்போன என் மனைவியோ, வாங்காமல் விட்ட நிலமோ இல்லை. அந்த விளக்குதான். உங்களுக்கும் இப்படி ஆறாதது ஒன்று இருக்கும். இருந்தால் சிரிக்காமல் கேளுங்கள்.

அப்பாவின் லோரி முழு லோரி இல்லை. யாரோ தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்த மோட்டார் காரை வாங்கி, பின்பாதியை அறுத்துப் போட்டுவிட்டு, பலகையால் தொட்டி கட்டிச் செய்தது. தொட்டிக்கு ஒரு பக்கம் ஐந்து பலகை, மறுபக்கம் நான்கு. ஐந்தாவது எங்கே என்று கேட்டேன்.

"தேங்காயை எண்ணுடா, பலகையை எண்ணாதே" என்றார் அப்பா.

அவர் கிள்ளான் பக்கத்துத் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றிவந்து கோலாலம்பூர் பாசாரில் இறக்குவார். தேங்காய் அவருடையது இல்லை. தேங்காய் முதலாளி என்று ஒருவர் இருந்தார். அவர் கொடுத்தால் லோடு, கொடுக்காவிட்டால் லோரி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் கோழி அடைவதற்குத்தான்.

லோரிக்குப் பின்னால் ஒரே ஒரு விளக்கு. வலது ஓரத்தில், இரும்புத் தாங்கியில், நான்கு போல்ட்டில் நின்றது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கண்ணாடி. பிரேக்கை மிதித்தால் எரியும், விட்டால் அணையும். விடியுமுன் அப்பா கிளம்பும்போது நான் எழுந்துபோய்ப் பின்னால் நிற்பேன். வீட்டில் வேறு யாரும் அந்நேரத்துக்கு எழுப்பப்படவில்லை. அக்கா பாயில் சுருண்டு கிடப்பாள், அவளைத் தாண்டித்தான் போவேன். தாண்டும்போது வேண்டுமென்றே அவள் போர்வையை மிதிப்பேன்.

"எரியுதா?"

"எரியுதுப்பா."

"இப்ப?"

"அணைஞ்சிருச்சு."

அவ்வளவுதான். அப்பா பேச்சு குறைந்த மனிதர். நாள் முழுக்க அவர் என்னிடம் கேட்பது அந்த இரண்டு கேள்விதான். ஆனால் நான் சொல்லாமல் அவர் கிளம்பமாட்டார். பெட்ரோல் வாசனையும் தேங்காய் மட்டையின் ஈர வாசனையும் கலந்த அந்த இருட்டில், நான் சொன்ன பிறகுதான் ஒரு லோரி நகர்ந்தது. ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எது?

விளக்கு எனக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். இருட்டில் அது மங்கலாக, அணையப்போகும் பீடி நுனிபோல இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு அப்பா லோரியை மணப்பெண் மாதிரி ஆக்கினார். இரும்பாக இருந்த எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட். விளக்கைக் கழற்றி, தாங்கிக்கு இரண்டு பக்கமும் அடித்து, அது உட்காரும் இடத்துக்கும் அடித்து, காயவைத்து மறுபடி முடுக்கினார். போல்ட் தலைகளுக்குக்கூட அடித்தார். அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, விளக்குத் தாங்கிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருவில் அத்தனை பளபளப்பான வண்டி வேறு இல்லை.

பூஜை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கிள்ளான் சாலை இறக்கத்தில் அப்பா ஒரு மாட்டுவண்டிக்காகப் பிரேக் போட்டார். பின்னால் வந்த பஸ் நிற்காமல் வந்து லோரியின் பின்பலகையில் இடித்தது. யாருக்கும் காயமில்லை. விளக்குக் கண்ணாடியில் மட்டும் விரிசல். தேங்காய்கள் ரோட்டோரச் சாக்கடையில், எங்கள் பேச்சில் லோங்காங்கில், உருண்டு, மழைத் தண்ணீரோடு எங்கோ போயின. பஸ்காரன் இறங்கி வந்து, "உன் பின் விளக்கு எரியலை, நான் என்ன செய்ய?" என்று கேட்டானாம். காலையில் எரிந்தது. நான் பார்த்தேன், சொன்னேன். அப்பாவும் அதைத்தான் அவனிடம் சொல்லியிருக்கிறார்: "காலையில எம் பையன் பார்த்தான்." என்னைப் பற்றி அவர் வெளி ஆளிடம் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் தேங்காய் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகப் பேசினார்.

"அண்ணே, உங்க லோரி நிக்கிறது பின்னால வர்றவனுக்குத் தெரியலைன்னா, என் தேங்காய் பாசாருக்குப் போகாது, லோங்காங்குக்குத்தான் போகும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். நானே பின்னால நின்னு பார்ப்பேன். எரிஞ்சா உங்களுக்கு லோடு. இல்லைன்னா செந்தூல்ல ஒரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான்லா."

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில். மழைக்கு நடுவே ஒரு நாள் வருமே, சுள்ளென்று, அந்த மாதிரி. அப்பா புதுக் கண்ணாடி மாட்டி, கருவிகளைச் சாக்கில் பரப்பினார். நான் கூப்பிடும் முன்பே பின்னால் போய் நின்றேன்.

வயர் போகிற பாதை எளிது. இருக்கைக்கு அடியில் பேட்டரி. அங்கிருந்து ஒரு வயர் பிரேக் மிதிக்குக் கீழே இருக்கும் சுவிட்சுக்கு. மிதித்தால் ஒரு ஸ்பிரிங் இழுத்து, சுவிட்சுக்குள் இரண்டு பித்தளைத் துண்டுகள் ஒட்டும். அங்கிருந்து வண்டியின் வயிற்றோடு ஓடி விளக்குக்கு. திரும்பி வரத் தனி வயர் இல்லை. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதை எர்த் என்பார்கள்.

அப்பா பல்பை மாற்றினார்.

"எரியுதா?"

"எரியலைப்பா."

சுவிட்சைக் கழற்றிப் பித்தளையை உப்புத்தாளால் தேய்த்தார். மாட்டினார். மிதித்தார். "எரியலைப்பா" என்றேன். சுவிட்சே வேண்டாமென்று அதன் இரண்டு முனைகளையும் ஸ்குரூடிரைவரால் சேர்த்துப் பிடித்தார். எரியவில்லை என்றேன். கடைசியில் லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பழைய வயரை உருவிவிட்டுப் புது வயர் இழுத்தார். அதைப் பிடித்து நிற்கப் பதினொரு கிளிப்பு. சேறும் துருவும் அவர் கண்ணில் கொட்டின. வெளியே வந்து மிதித்தார்.

"இப்ப எரியுதா?"

"எரியலைப்பா."

அக்கா அப்போது மிளகாய் காயவைக்க முறத்தோடு வாசலுக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்தாள்.

"எரியுதே" என்றாள்.

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. என் இடத்தில் வந்து நின்று, என் கேள்விக்கு அவள் பதில் சொல்கிறாள்.

அப்பா ஒரு கட்டையை எடுத்து இருக்கைக்கும் பிரேக் மிதிக்கும் நடுவே முட்டுக்கொடுத்துவிட்டு, இறங்கி நடந்து பின்னால் வந்தார். விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது எரியுதா இல்லையாடா?"

நான் பார்த்தேன். இவ்வளவு உற்று எதையும் பார்த்ததில்லை. கண்ணாடி கழுவாத பாட்டில்போல மந்தமாக இருந்தது. வெயில்தான் அதன் மேல் மினுங்கியது.

"எரியலைப்பா."

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். "நீ உள்ள போ" என்றார்.

அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். "லோரி ஓடலைன்னா நீங்க வீட்ல இருப்பீங்கன்னு பார்க்கிறான். அதான் இந்தப் பொய்யி."

"விடியக்காலை இருட்டுல தெரியுது. பட்டப்பகல்ல தெரியலையாக்கும்" என்றார் அப்பா.

இரண்டு பேர் முகத்திலும் ஒரு நிம்மதி. பிள்ளை ஏன் பொய் சொன்னான் என்று தெரிந்துவிட்டதல்லவா. பொய்யா என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு குற்றத்தைச் சரிபார்ப்பதில்லை.

"பாப்பா, நீ வந்து நில்லு" என்று அப்பா அக்காவைக் கூப்பிட்டார்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அக்கா போய் நின்றாள். நான் ஜன்னலுக்குப் போனேன். ஏழு கம்பி வைத்த ஜன்னல். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே மூக்கை வைத்தால் லோரி முழுதும் தெரியும்.

அவளிடம் அப்பா பேசிய பேச்சை நான் எப்படிச் சொல்ல? என்னிடம் ஒரு மாதத்தில் பேசாததை ஒரே மத்தியானத்தில் பேசினார்.

"எரியுதுப்பா. ஆனா நடுங்குது."

"நடுங்குதா? எப்படி?"

"காத்துல திரி ஆடுமே, அப்படி. இருங்க, பின்கதவைச் சாத்துங்க. சாத்துனதும் அணைஞ்சிருச்சு பாருங்க."

"திறக்கிறேன். இப்ப?"

"வந்துருச்சு. இல்ல, போயிருச்சு."

"அப்ப முன்னால கோளாறு இல்லை. பின்னாலதான்" என்றார் அப்பா. "கெட்டிக்காரிம்மா நீ."

கெட்டிக்காரி. நான் ஜன்னல் கம்பியைக் கடித்தேன். துருவின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அப்பா ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் தகர உடம்பிலும் மறுமுனையைச் சட்டத்தின் அடியில் பெயிண்ட் படாத இரும்பிலும் வைத்து அழுத்தினார்.

"நடுங்காம எரியுதுப்பா. பழுத்த மிளகா மாதிரி."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். "பெயிண்டு" என்றார். "எர்த் இல்லை. நானே ஆசை ஆசையா அடிச்சு அடைச்சுட்டேன்." தாங்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே பூஜைப் பெயிண்ட் உட்கார்ந்திருந்தது. மின்சாரம் திரும்ப வழியில்லை. லோரி குலுங்கும்போது போல்ட் மரை எங்காவது இரும்பைத் தொட்டால் எரியும், இல்லாவிட்டால் அணையும். பஸ் வந்த நேரம் தொடவில்லை.

அவர் சுரண்டக் கத்தியை எடுத்ததும் அம்மா ஓடிவந்தாள். "பூஜைக்கு அடிச்சதுங்க. சந்தனம் வச்ச இடம். சுரண்டாதீங்க."

"சரஸ்வதியே எர்த் கேக்கிறாடி. நான் என்ன செய்ய?"

பேரம் நடந்தது. தாங்கி உட்காரும் இடத்திலும் நான்கு போல்ட்டுக்கு அடியிலும் மட்டும் சுரண்டுவது. சந்தனப் பொட்டு இருக்கும் முகப்பைத் தொடுவதில்லை. அப்பா சுரண்டினார், அம்மா காவல் நின்றாள், அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்தக் கண்ணாடி அப்போதும் கழுவாத பாட்டிலாகத்தான் தெரிந்தது. ஏதோ விளையாட்டுக்கு மூவரும் சேர்ந்து எரிகிறது என்று சொல்கிறார்கள், என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். சொன்னபடியே பின்னால் நின்றார். அக்காவும் பக்கத்தில் நின்றாள். அப்பா மிதித்தார், விட்டார், மிதித்தார். முதலாளி பின்கதவை ஓங்கி அறைந்து பார்த்தார்.

"எரியுதுண்ணே. யார் பார்த்துக் கண்டுபிடிச்சது?"

"எம் பொண்ணு" என்றார் அப்பா.

லோடு எங்களுக்கே நின்றது. மறுநாளிலிருந்து விடியுமுன் எழுப்பப்பட்டது அவள். பாயில் படுத்தபடி கேட்பேன்: எரியுதா, எரியுதுப்பா, இப்ப, அணைஞ்சிருச்சுப்பா. என் போர்வையை அவள் மிதிக்காமல் சுற்றிப் போவாள். அதுவும் எனக்கு ஆத்திரம்தான். சில நாள் அவளை முன் இருக்கையில் ஏற்றிக் கிள்ளானுக்கே அழைத்துப் போனார். திரும்பும்போது அவள் தலைமயிரில் பெட்ரோல் வாசனை வரும்.

விரிசல் விட்ட பழைய கண்ணாடியையும் அவளுக்கே கொடுத்தார். கொய்யா அளவு துண்டு, ஓரம் தேய்த்து மழுங்கடித்தது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடப்பாள். ரயில் சிவப்பு, வானம் சிவப்பு, அம்மா சிவப்பு என்பாள். கெஞ்சிக் கேட்டு ஒரு நாள் வாங்கினேன்.

"என்னடா தெரியுது?"

"ஒண்ணுமில்லை. இருட்டு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை வாங்கிப் பாவாடையில் முடிந்துகொண்டாள். அந்த வருடக் கடைசியில் ரம்புத்தான் பச்சையிலிருந்து சிவந்து பழுத்தபோது, என்னை மரமேற விடாமல் அவளே பறித்துக் கொடுத்தாள். எப்போதும் காயாகப் பறித்து வந்து திட்டு வாங்குகிறவன் நான். வேலையையும் பறித்துக்கொண்டு இப்போது தயவும் காட்டுகிறாளா என்று, அவள் கொடுத்த ஆறு பழத்தையும் லோங்காங்கில் வீசினேன். அந்தக் கண்ணாடி பிறகு எங்கோ தொலைந்தது. பிறகு சண்டை வந்தது, லோரியை ஜப்பான்காரன் கொண்டுபோனான்.

சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, ரயிலில் வேலைக்கு மனுப்போட்டேன். படித்தவன், கணக்கில் புலி. பரீட்சையெல்லாம் முடிந்து டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பெட்டி நிறையக் கம்பளி நூல்கண்டுகளைக் கொட்டி, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். என் குவியல்களைப் பார்த்துவிட்டு அவர் பேனாவை மூடினார். எனக்குச் சிவப்பு தெரியாதாம். பிறவியிலேயே. இருட்டில் சிவப்பு விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் தெரியுமாம், பகலில் விளக்கு எரிவதே தெரியாதாம். சிக்னல் பக்கம் விடமாட்டோம் என்றார். கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. வாழ்நாள் முழுக்க எண்ணினேன். எண் யாருக்கும் வேறாகத் தெரியாது.

வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா அப்போது இன்னொருவர் லோரியைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர் தாடையைத் தடவினார். என் தலையில் கை வைப்பார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அன்னைக்குப் பல்பு மாத்தினப்பவே எரிஞ்சிருக்குமோ?" என்றார். "சும்மாவா புது வயர் இழுத்தேன்?"

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் அக்கா கிள்ளானிலிருந்து வந்தாள். மகனோடு அங்கேதான் இருக்கிறாள். காது மந்தம், கண் மட்டும் கழுகு. ரம்புத்தான் வாங்கி வந்திருந்தாள். உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் பேச்சுவாக்கில் கம்பளி நூல் கதையைச் சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னதுதான். எப்போதும் ம் கொட்டுவாள். அன்று கையை நிறுத்தினாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டா."

"எப்ப?"

"கண்ணாடியில இருட்டுன்னு சொன்னியே, அப்ப. நீ காயாப் பறிக்கிறதும் அதனாலதான்னு புரிஞ்சுச்சு."

"ஏன் சொல்லலை? அப்பா என்னைப் பொய்க்காரன்னே நினைச்சுக்கிட்டிருந்தாரு."

அவள் இன்னொரு பழத்தை எடுத்து நகத்தால் கீறினாள். "சொன்னா பரிதாபப்பட்டு உன்னை மறுபடி கூப்பிட்டிருப்பாரு. விடியக்காலையிலதான் உனக்கு வெளிச்சம் தெரியுமே, இருட்டுக்கு நீ போதும். அப்புறம் நான் எதுக்கு?"

"ஒரு விளக்குக்கா இவ்வளவு?"

"உனக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருந்துச்சு. ஷூ இருந்துச்சு. என்னை மூணாவதோட நிறுத்துனாங்க. நீ பைக்கட்டைத் தூக்கிட்டுப் போறதை தினம் நான்தான் வாசல்ல நின்னு பார்ப்பேன். எனக்கு அந்த விளக்கு ஒண்ணுதான்டா இருந்துச்சு." பழத்தை என் தட்டில் வைத்தாள். "தின்னு. பழம்தான்."

பதினான்கு பழம் இருந்தது. தின்றேன். அவள் மூன்றாவதோடு நின்றது எனக்குத் தெரியாததில்லை. அவள் வாசலில் நின்றதும் தெரியும், திரும்பிப் பார்த்துக் கையாட்டியிருக்கிறேன். இந்த வீட்டில் பொறாமைப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் அவள் எனக்கு மூத்தவள்.

இதைக் கேட்ட பிறகு ஆறிவிட்டதா என்பீர்கள். இல்லை. அப்பா அவளைக் கெட்டிக்காரி என்றது கெட்டிக்காரி என்றதுதான்.

சாயங்காலம் அவள் மகன் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தான். தூக்கி ஏற்றினோம். முன் இருக்கைதான் வேண்டும் என்றாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி தெருமுனை வரை போய், குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிளுக்காக நின்றது. வெயில் நேராக அதன் முதுகில் அடித்தது. ஜன்னல் இறங்கியது. அக்கா தலையை வெளியே நீட்டி, காது கேளாதவர்கள் கத்துவதுபோலக் கத்தினாள்.

"எரியுதாடா?"

பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு கண்ணாடி, கழுவாத பாட்டில்போல. வண்டி நின்றிருந்தது, அதனால் எரிந்திருக்க வேண்டும்.

"எரியுதுக்கா" என்றேன்.

வண்டி கிளம்பியது. யாரும் இறங்கிவந்து சரிபார்க்கவில்லை.